பதிலுக்கு முன்னாடி விலையைக் கேளுங்க

கிளவுட் டேட்டா வேர்ஹவுஸை பைத்தான்ல இருந்து எப்படித் தொடுறதுன்னு தேடிப் பாருங்க. முக்கால்வாசி டுடோரியல் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். லைப்ரரியை இன்ஸ்டால் பண்ணு, க்ளையண்ட் ஒண்ணு உருவாக்கு, குவெரியை அனுப்பு, வர்ற ரிசல்ட்டை பிரிண்ட் பண்ணு. மொத்தமே அஞ்சாறு வரி. திரையில நாலு பேர் வரிசையா வந்து நின்னதும் டுடோரியல் முடிஞ்சிடும்.

அந்த அஞ்சாறு வரியில ஒரு வரி குறையுது, அந்த ஒண்ணுதான் முதல் வரியா இருக்கணும் என்பதுதான் என் கருத்து. "இந்தக் குவெரி எவ்வளவு டேட்டாவைப் படிக்கும்?" என்று ஓட்டுறதுக்கு முன்னாடியே கேட்கிற வரி அது. டி.பி.எம்.எஸ். பேப்பர் முடிச்சுட்டு மினி ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடிக்கிட்டு இருக்கிற ஜூனியர்ஸுக்காகத்தான் இதை எழுதுறேன். உதாரணத்துக்கு கூகுளோட பிக்குவெரியை எடுத்துக்கிறேன். காரணம் எளிது: கிரெடிட் கார்டு இல்லாம ஒரு ஸ்டூடண்ட் தொட முடியும்.

லேப்ல நாம கத்துக்கிட்ட பழக்கம்

எஸ்.க்யூ.எல். படிச்ச எல்லாருக்கும் முதல் வரி செலக்ட் ஸ்டார்தான். ஆரக்கிள் கூட வர்ற அந்தப் பழைய உதாரண டேபிள் ஞாபகம் இருக்கா? எம்ப்ளாயி டேபிள்ல 14 வரிசை, டிபார்ட்மெண்ட் டேபிள்ல 4 வரிசை. அதுல செலக்ட் ஸ்டார் போட்டா என்ன, போடாட்டி என்ன? கம்ப்யூட்டர் எங்க இருக்கு? பக்கத்துல. கரண்ட் பில் யார் கட்டுறா? காலேஜ். 14 வரிசையையும் பத்தாயிரம் தடவை படிச்சாலும் யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க.

அதனால நமக்குள்ள ஒரு நம்பிக்கை ஊறிப் போச்சு: டேட்டா சின்னது, படிக்கிறது இலவசம், தப்பானா திருப்பி ஓட்டிக்கலாம். லேப்ல இந்த மூணுமே உண்மை. வேர்ஹவுஸ்ல மூணுமே பொய்.

பிக்குவெரியில சர்வர்னு ஒண்ணு உங்க பேர்ல ஓடிக்கிட்டு இருக்காது. டேட்டா கூகுளோட சேமிப்புல கிடக்கும். நீங்க குவெரி அனுப்பினா, அந்த நேரத்துக்கு மட்டும் நிறைய மெஷின்கள் சேர்ந்து அதைப் பிரிச்சுப் படிச்சு, பதிலைத் தந்துட்டுக் கலைஞ்சு போகும். இதுக்குப் பின்னாடி இருக்கிற எஞ்சினுக்கு டிரெமெல்னு பேர். அதைப் பத்தின ஆய்வுக் கட்டுரை 2010-ல வந்தது, சும்மா ஒரு பார்வை பாருங்க, ஃபைனல் இயர்ல உதவும். வழக்கமான கட்டண முறையில உங்க குவெரி எத்தனை பைட் படிச்சுதோ அதுக்குத்தான் காசு. எவ்வளவு நேரம் ஓடுச்சு, எத்தனை வரிசை பதிலா வந்துச்சு என்பதெல்லாம் கணக்கிலேயே வராது.

இந்த இடத்துலதான் லேப் பழக்கம் நம்மளைக் கவுத்துவிடும்.

வரிசையும் நெடுவரிசையும்

ஒரு கிளாஸ்ல 60 பேர். ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஃபைல், அதுல அவங்களோட எல்லா மார்க்கும், விலாசமும், ஃபோன் நம்பரும் இருக்கு. கணக்குப் பாடத்துல சராசரி என்னன்னு கேட்டா, 60 ஃபைலையும் திறக்கணும். மை எஸ்.க்யூ.எல். மாதிரியான சாதாரண டேட்டாபேஸ் ஏறக்குறைய இப்படித்தான் டேட்டாவை வைக்குது. ஒரு ஆளோட முழு விவரம் வேணும்னா இது அருமை.

இப்போ அதையே மாத்தி, கணக்கு மார்க் மட்டும் ஒரே தாள்ல, இயற்பியல் மார்க் மட்டும் இன்னொரு தாள்ல, விலாசம் மட்டும் வேறொரு தாள்ல எழுதி வைக்கிறோம்னு நினைச்சுக்கோங்க. கணக்கு சராசரிக்கு ஒரே ஒரு தாளை எடுத்தாப் போதும். பிக்குவெரி டேட்டாவை வைக்கிறது இப்படி, நெடுவரிசை நெடுவரிசையா. நீங்க எந்த நெடுவரிசையோட பேரை குவெரியில எழுதுறீங்களோ, அந்தத் தாளை மட்டும்தான் அது எடுக்கும், அந்தத் தாளுக்கு மட்டும்தான் காசு.

அப்போ செலக்ட் ஸ்டார்னா? எல்லாத் தாளையும் எடுத்துட்டு வான்னு அர்த்தம். 14 வரிசைக்கு அது முதல் பாடம். இங்கே அதுதான் இருக்கிறதிலேயே விலை உயர்ந்த வரி.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்

பிக்குவெரியில எல்லாரும் படிக்கலாம்னு திறந்து வச்சிருக்கிற டேபிள்கள்ல ஒண்ணு நேட்டாலிட்டி. அமெரிக்காவுல 1969-ல இருந்து 2008 வரைக்கும் பதிவான பிறப்புகள். 13 கோடியே 78 லட்சம் வரிசை, மொத்தம் கிட்டத்தட்ட 21.9 ஜி.பி.

வருஷத்துக்கு எத்தனை குழந்தை பிறந்துச்சுன்னு தெரியணும். நம்ம லேப் மூளை என்ன செய்யும்? பைத்தான்ல ஒரு ஃபார் லூப். 1969-ல இருந்து 2008 வரைக்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு செலக்ட் ஸ்டார், கூடவே அந்த வருஷத்துக்கு ஒரு வேர் கண்டிஷன். வந்ததை டேட்டாஃப்ரேமா மாத்தி நீளத்தை எண்ணு.

வேர் கண்டிஷன் போட்டிருக்கோமே, கொஞ்சம்தானே படிக்கும்னு தோணும். இல்லை. இந்த டேபிள் வருஷவாரியா பிரிச்சு வைக்கப்பட்டது இல்லை. அதனால 1969-க்கு எது வரிசைன்னு கண்டுபிடிக்கவே எல்லாத்தையும் படிச்சாகணும். ஒரு தடவைக்கு 21.9 ஜி.பி. 40 வருஷத்துக்கு 876 ஜி.பி. பிக்குவெரி மாசத்துக்கு 1 டி.பி. வரைக்கும் குவெரி இலவசமாத் தருது. அந்த ஒரு மாச இலவசத்துல முக்கால்வாசிக்கு மேல ஒரே ஒரு ஃபார் லூப்புக்குப் போச்சு.

அதே கேள்வியை வேற மாதிரி கேளுங்க. வருஷம் என்கிற ஒரு நெடுவரிசையை மட்டும் எடுத்து, குரூப் பை போட்டு எண்ணச் சொல்லுங்க. முழு எண்ணுக்கு பிக்குவெரி கணக்குல 8 பைட். 13.78 கோடியை 8-ஆல பெருக்குங்க: சுமார் 1.1 ஜி.பி. அவ்வளவுதான். பதில் 40 வரிசை. 876-க்கும் 1.1-க்கும் நடுவுல இருக்கிறது கம்ப்யூட்டரோட திறமை இல்லை, எழுதினவரோட திறமை.

இன்னொரு மாதிரி சொன்னா, அந்த மாச இலவசத்தை வச்சு செலக்ட் ஸ்டார் குவெரியை 50 தடவைக்கு மேல ஓட்ட முடியாது. ஒரு நெடுவரிசைக் குவெரியைச் சுமார் ஆயிரம் தடவை ஓட்டலாம்.

லிமிட் போட்டாச்சுல்ல?

இதுதான் எல்லாருக்கும் வர்ற அடுத்த கேள்வி. "மச்சி, நான் எப்பவும் லிமிட் 10 போட்டுத்தான் பார்ப்பேன், பத்து வரிசைக்கு என்ன காசு வரப்போகுது?"

வரும். லிமிட் என்பது பதிலை வெட்டுறது, படிக்கிறதை வெட்டுறது இல்லை. சாதாரண டேபிள்ல செலக்ட் ஸ்டார் லிமிட் 10 போட்டாலும் முழு டேபிளுக்கும் காசுதான். கிளஸ்டர் பண்ணி வச்சிருக்கிற டேபிள்ல மட்டும் கொஞ்சம் குறையலாம். பஃபேவுல முழுக் காசு கட்டிட்டு ஒரே ஒரு இட்லி சாப்பிட்டு வர்ற மாதிரி.

இந்தத் தப்பான நம்பிக்கைக்குப் புதுசா வர்றவங்களைக் குறை சொல்லவும் முடியாது. இந்த பைத்தான் லைப்ரரியோட அறிமுகப் பக்கத்துல ரொம்ப நாளா இருக்கிற உதாரணமே, அமெரிக்கப் பெயர்கள் டேபிள்ல இருந்து டெக்ஸாஸ் மாநிலத்துக்கு லிமிட் 100 போட்டு எடுக்கிற குவெரிதான். அந்த டேபிள் சின்னது, அதனால பிரச்சனை இல்லை. ஆனா கண்ணு அந்த லிமிட்டைத்தான் பிடிச்சுக்கும். விலையைக் கேட்கிற வரி அங்கே இல்லாததால, அப்படி ஒண்ணு இருக்குன்னே பலருக்குத் தெரியாமப் போயிடுது.

சும்மா டேபிள் எப்படி இருக்குன்னு பார்க்கணும்னா அதுக்குக் குவெரியே வேண்டாம். வெப் கன்சோல்ல ப்ரிவ்யூ டேப் இருக்கு, காசு கிடையாது. பைத்தான்ல க்ளையண்ட்டோட லிஸ்ட் ரோஸ் என்கிற மெத்தடைக் கூப்பிட்டு, அதிகபட்சம் 10 வரிசைன்னு சொன்னா, அதுக்கும் குவெரிக் கட்டணம் கிடையாது.

அப்போ எப்படித்தான் ஆரம்பிக்கிறது?

நான் பரிந்துரைக்கிற வரிசை இது.

முதல்ல சாண்ட்பாக்ஸ். சாதாரண கூகுள் கணக்கு இருந்தாப் போதும், கார்டு விவரம் கேட்காது. 10 ஜி.பி. சேமிப்பு, மாசத்துக்கு 1 டி.பி. குவெரி. பில்லிங் கணக்கே இணைக்காததால, எல்லை தாண்டினா குவெரி நிக்கும், பில் வராது. ஒரு கட்டுப்பாடு உண்டு: நீங்க உருவாக்குற டேபிள் 60 நாள்ல தானா அழிஞ்சிடும். ரிவ்யூ தேதியைப் பார்த்துக்கிட்டு வேலையைத் தொடங்குங்க. காலேஜ் மெயில் ஐ.டி.யில சில சமயம் ப்ராஜெக்ட் உருவாக்க அனுமதி இருக்காது, அப்போ சொந்த மெயிலை எடுத்துக்கோங்க.

ரெண்டாவது, கோலாப். உங்க லேப்டாப்ல எதையும் இன்ஸ்டால் பண்ணி அடிபட வேண்டாம், லைப்ரரி அங்கே ஏற்கனவே இருக்கும். கோலாப்போட ஆத் மாட்யூலை வச்சு உங்க கணக்குல உள்ள நுழைஞ்சுட்டு, க்ளையண்ட்டை உருவாக்கும்போது ப்ராஜெக்ட் ஐ.டி.யைக் கொடுங்க. ப்ராஜெக்ட் பேர் வேற, ஐ.டி. வேற. பேரைக் கொடுத்துட்டு "அனுமதி இல்லை"ன்னு வர்ற எரரோட அரை மணி நேரம் மல்லுக்கட்டுறது ரொம்ப சகஜம்.

சொந்த மெஷின்லதான் செய்வேன்னா, ஜி-கிளவுட் கமாண்ட்ல அப்ளிகேஷன் டிஃபால்ட் லாகின்னு ஒண்ணு இருக்கு, அதைப் பயன்படுத்துங்க. பல வீடியோக்கள்ல சர்வீஸ் அக்கவுண்ட் சாவியை ஜேசான் ஃபைலா டவுன்லோடு பண்ணச் சொல்வாங்க. அந்த ஃபைல் உங்க வீட்டுச் சாவி மாதிரி. ப்ராஜெக்ட் ஃபோல்டர்லயே கிடக்கும், அப்படியே கிட்ஹப்புக்குப் போயிடும், அப்புறம் யார் வேணும்னாலும் உங்க பேர்ல குவெரி ஓட்டலாம். கத்துக்கிற கட்டத்துல அந்தச் சாவியே தேவையில்லை.

மூணாவது, அந்த விடுபட்ட வரி. குவெரி ஜாப் கான்ஃபிக் என்கிற ஆப்ஜெக்ட்ல டிரை ரன் என்பதை ட்ரூன்னு வைங்க, கேஷ் பயன்பாட்டை ஃபால்ஸ்னு வைங்க. அதோட குவெரியை அனுப்புங்க. குவெரி ஓடாது. இது ஒரு ஒத்திகை, காசு கிடையாது. திரும்பி வர்ற ஜாப்ல டோட்டல் பைட்ஸ் ப்ராசஸ்டு என்கிற எண் மட்டும் இருக்கும். அதை 1024-ஆல மூணு தடவை வகுத்தா ஜி.பி. கணக்கு. ஆட்டோவுல ஏறுறதுக்கு முன்னாடி "அண்ணா, எவ்வளவு?"ன்னு கேட்கிறோம்ல, அதுதான் இது. கேஷை ஏன் அணைக்கணும்னா, அதே குவெரியை 24 மணி நேரத்துக்குள்ள ஓட்டியிருந்தா பழைய பதிலையே இலவசமாத் தரும். அப்போ உண்மையான விலை தெரியாது.

நாலாவது, மேக்ஸிமம் பைட்ஸ் பில்டு. இந்தக் குவெரி இத்தனை பைட்டைத் தாண்டக் கூடாதுன்னு நீங்களே ஒரு உச்சவரம்பு வைக்கிறது. தாண்டும்னு தெரிஞ்சா குவெரி காசு வாங்காமலே தோத்துப் போகும். 1 ஜி.பி.ன்னு வச்சுட்டு ஆரம்பிங்க. அது தடுக்கிற ஒவ்வொரு தடவையும் உங்க குவெரியைத் திரும்பப் படிப்பீங்க. அதுதான் நல்ல வாத்தியார்.

அஞ்சாவதாத்தான் நிஜமா ஓட்டுறது. க்ளையண்ட்ல குவெரியைக் கூப்பிட்டா உடனே பதில் வராது, ஒரு ஜாப் ஆப்ஜெக்ட் வரும். கேன்டீன்ல டோக்கன் வாங்குற மாதிரி. ரிசல்ட்டைக் கூப்பிடும்போதுதான் கவுண்டர்ல போய் நிக்கிறோம். பதிலை டேட்டாஃப்ரேமா மாத்தலாம், ஆனா கூட்டல், சராசரி, எண்ணிக்கை எல்லாத்தையும் அங்கேயே முடிச்சுட்டு, கடைசி விடையை மட்டும் இறக்குங்க. 13 கோடி வரிசையைக் கோலாப் மெமரிக்குள்ள இழுத்தா அது மூச்சுத் திணறிச் செத்துடும். 40 வரிசையை இறக்கினா கண் சிமிட்டுற நேரம்.

கடைசியா ஒரு பொறி. பெரும்பாலான பொது டேட்டாசெட்கள் அமெரிக்க மண்டலத்துல இருக்கு. நாட்டுப்பற்றுல உங்க டேட்டாசெட்டை மும்பை மண்டலத்துல உருவாக்கி ரெண்டையும் ஜாயின் பண்ணப் பார்த்தா, "அப்படி ஒரு டேட்டாசெட்டே இல்லை"ன்னு சொல்லும். டேட்டாசெட் இருக்கு, வேற ஊர்ல இருக்கு. அவ்வளவுதான்.

டைட்டானிக்கை மூழ்க விடுங்க

இதையெல்லாம் எதுக்குக் கத்துக்கணும்? மினி ப்ராஜெக்ட் ரிவ்யூன்னா டைட்டானிக் பயணிகள், ஐரிஸ் பூ, இல்லாட்டி லைப்ரரி மேனேஜ்மெண்ட். எந்த பேட்ச் ரெக்கார்டைத் திறந்தாலும் இதே கூட்டம். யாரோ கழுவித் துடைச்சு வச்ச டேட்டா. அதுல உழைச்சா மாடல் வரும், ஆனா டேட்டா எப்படி ஏமாத்தும்னு தெரியாது.

பதிலுக்கு ஒண்ணு சொல்றேன். அமெரிக்க வானிலை நிறுவனமான நோவா திரட்டுற உலகளாவிய தினசரி வானிலைச் சுருக்கம், ஜி.எஸ்.ஓ.டி., பிக்குவெரியில வருஷத்துக்கு ஒரு டேபிளா இருக்கு, 1929-ல இருந்து. நம்ம மீனம்பாக்கம் நிலையமும் அதுல உண்டு. உலக நிலைய எண் 43279, டேபிள்ல 432790-ன்னு இருக்கும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைப் பத்தி வீட்டுல எல்லாரும் கதை சொல்வாங்க. அந்த வருஷ டேபிளை எடுத்து, நிலையம், மாசம், தேதி, மழை என்று நாலே நெடுவரிசை கேளுங்க.

ஆனா முதல் வேலையா சராசரி எடுத்தீங்கன்னா மாட்டுவீங்க. மழை அங்குலத்துல இருக்கு, வெப்பநிலை ஃபாரன்ஹீட்ல இருக்கு. அதைவிட மோசம், மழை அளவு தெரியாத நாள்ல 99.99-ன்னு போட்டிருப்பாங்க. அதைக் கவனிக்காம சராசரி போட்டா, சென்னையில பல நாள் 100 அங்குல மழை பேஞ்ச கணக்கு வரும். வெப்பநிலைக்கு 9999.9. சூரியனே வந்து இறங்கின மாதிரி. இன்னொண்ணு, அங்கே ஒரு நாள் என்பது கிரீன்விச் நேரப்படி. நம்ம வானிலை ஆய்வு மையம் காலை எட்டரைக்கு எட்டரை கணக்கு எடுக்கும். அதனால பேப்பர்ல வந்த எண்ணும் இந்த எண்ணும் நாளுக்கு நாள் பொருந்தாது. ஏன் பொருந்தலைன்னு ரிவ்யூல விளக்குங்க. எந்த மாடலோட அக்யூரசியையும் விட அந்தப் பதில் உங்களுக்கு அதிகம் கத்துக் கொடுக்கும்.

பல வருஷத்தைச் சேர்த்துப் பார்க்க டேபிள் பேர்ல ஸ்டார் குறி போடலாம், அதுக்கு வைல்ட்கார்டு டேபிள்னு பேர். டேபிள் சஃபிக்ஸ் கண்டிஷனை மறந்தா, அந்தப் பேர்ல பொருந்துற எல்லா வருஷமும் படிக்கப்படும். இங்கேயும் முதல்ல டிரை ரன்தான்.

தமிழ்ல ஆர்வம் இருக்கிறவங்களுக்கு விக்கிப்பீடியா பக்கப் பார்வை டேபிள்கள் இருக்கு. எந்த விக்கி, எந்தத் தலைப்பு, எந்த மணி நேரம், எத்தனை பார்வை என்று நாலு நெடுவரிசை. தமிழுக்கு டி.ஏ. என்கிற குறி, மொபைல்ல பார்த்தது தனிக் குறி. ரெண்டையும் சேர்க்க மறந்தா பாதிக் கதை போயிடும். இந்த டேபிள் நேரவாரியா பிரிக்கப்பட்டது. நேரக் கண்டிஷன் இல்லாத குவெரியை அது ஏத்துக்கவே ஏத்துக்காது. நல்ல டேபிள்னா இப்படித்தான் இருக்கணும், கதவுலயே ஒரு வாட்ச்மேன்.

தமிழ் எழுத்துக்கு இங்கே ஒரு தனிக் கணக்கும் உண்டு. ஸ்ட்ரிங்குக்கு 2 பைட் கூட அதோட யூ.டி.எஃப்.-8 நீளம்னு பிக்குவெரி எண்ணும். ஆங்கிலத்துல அம்மாவை நாலு எழுத்துல எழுதினா 6 பைட். தமிழ்ல "அம்மா" என்பதுல யூனிகோட் குறிகள் அஞ்சு, ஒவ்வொண்ணும் 3 பைட், ஆக மொத்தம் 17 பைட். தமிழ் டெக்ஸ்ட்டை வச்சு ப்ராஜெக்ட் செய்யிறவங்க விலையைக் கேட்க வேண்டிய அவசியம் மத்தவங்களை விட அதிகம்.

மறுப்புகள்

"பாண்டாஸ் போதாதா?" சின்ன டேட்டாவுக்குப் போதும். நெடுவரிசை முறையை லோக்கல்லயே பழகணும்னா ஆம்ஸ்டர்டாம் ஆய்வு மையத்துல பிறந்த டக்-டிபி இருக்கு, ஓப்பன் சோர்ஸ், இலவசம். அதையும் படிங்க. ஆனா உங்க லேப்டாப்ல 4 ஜி.பி. மெமரிதான் இருக்குன்னா, 21.9 ஜி.பி. டேபிளை டவுன்லோடு பண்ணி என்ன செய்வீங்க? வேர்ஹவுஸுக்கு உங்க லேப்டாப்போட வயசு தெரியாது. பிரவுசர் திறந்தாப் போதும். கேமிங் லேப்டாப் வச்சிருக்கிற நண்பனும், அக்காவோட பழைய லேப்டாப்பை வாங்கி ஓட்டுற நீங்களும் ஒரே 13 கோடி வரிசையைக் கேட்கலாம். என்னைப் பொறுத்தவரைக்கும் இதைக் கத்துக்க இது ஒண்ணே போதுமான காரணம்.

"ஒரு கம்பெனியோட சரக்கை ஏன் படிக்கணும்?" நியாயமான கேள்வி. இலவசம் தர்றதே நம்மளைப் பழக்கப்படுத்தத்தான், அதுல எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா பழக்கம் அந்த லைப்ரரியோட நிக்கிறது இல்லை. அமேசானோட அத்தீனாவும் படிச்ச டேட்டாவுக்குத்தான் காசு வாங்குது. ஸ்நோஃப்ளேக்ல மீட்டர் வேற, அங்கே மெஷின் ஓடுற நேரத்துக்குக் காசு, ஒவ்வொரு தடவை ஆன் ஆகும்போதும் குறைஞ்சது 60 விநாடி. கம்பெனி மாறினா மீட்டர் மாறும். மீட்டர் எங்கே இருக்குன்னு முதல்ல பார்க்கிற பழக்கம் மாறாது.

"பிளேஸ்மெண்ட்ல இதெல்லாம் கேட்க மாட்டாங்க." முதல் ரவுண்டுல ஆப்டிட்யூட்தான், ஒத்துக்கிறேன். வேலைக்குப் போன பிறகு? அங்கே சாண்ட்பாக்ஸ் கிடையாது. இலவச அளவு முடிஞ்ச பிறகு அமெரிக்க மண்டலத்துல 1 டி.பி.க்கு 6.25 டாலர். மேல போட்ட அந்த ஃபார் லூப்புக்கு அஞ்சு டாலர் கிட்ட. பார்க்கச் சின்னது. அதை மணிக்கு ஒரு தடவை ஓடுற டாஷ்போர்டுக்குப் பின்னாடி வச்சுப் பாருங்க, நாளைக்கு 120 டாலர்.

"ஏ.ஐ. கிட்டக் கேட்டா எழுதித் தருமே?" தரும். அது எழுதித் தர்ற குவெரியை நம்பி ஓட்டுறதுக்கு முன்னாடிதான் டிரை ரன் இன்னும் அதிகமாத் தேவை. குவெரி யார் எழுதினாலும் பில் உங்க ப்ராஜெக்ட் பேர்லதான் வரும்.

டிபார்ட்மெண்ட்டுக்கு ஒரு வேண்டுகோள்

டி.பி.எம்.எஸ். லேப்ல ஒரே ஒரு எக்ஸ்பெரிமெண்ட் சேர்க்கலாம். புது சாஃப்ட்வேர் வேண்டாம், லைசன்ஸ் வேண்டாம், பட்ஜெட் வேண்டாம். ஒரு பெரிய பொது டேபிள், ஒரு கேள்வி, அதுக்கு மூணு விதமான குவெரி. ரெக்கார்ட்ல அவுட்புட்டுக்குப் பக்கத்துல இன்னொரு கட்டம்: எத்தனை பைட்? பதில் சரியா இருந்தும் பத்து மடங்கு படிச்சிருந்தா மார்க் குறையட்டும். நார்மலைசேஷனை நாலு வாரம் படிக்கிறோம், இதுக்கு ரெண்டு மணி நேரம் போதும்.

அது வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஹாஸ்டல் வைஃபை நல்லா இருக்கிற ஒரு ராத்திரி, கோலாப்பைத் திறங்க. நேட்டாலிட்டி டேபிளுக்கு ஒரு செலக்ட் ஸ்டார் எழுதி டிரை ரன்ல மட்டும் அனுப்புங்க, எண்ணைக் குறிச்சு வைங்க. அடுத்து ஒரே ஒரு நெடுவரிசைக்கு எழுதி அனுப்புங்க, அந்த எண்ணையும் பக்கத்துல குறிங்க. காசு செலவில்லை, ஒரு குவெரியும் நிஜமா ஓடலை. ஆனா அந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல பார்த்த பிறகு, செலக்ட் ஸ்டார்னு டைப் பண்ணும்போது உங்க விரல் ஒரு நொடி நின்னுட்டுத்தான் போகும்.